பார்ன்ஸா, சக்ஸா? ட்ராஃப்ட் நேரத்துச் சண்டைகள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஸ்காபரோவிலிருந்து:

ஜூன் மாதம் வந்தாலே, ரொறன்ரோவின் என்பிஏ கூடைப்பந்து அணியான ராப்டர்ஸின் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். லீக்கின் அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் ட்ராஃப்ட் நேரம் அது. யாரை எடுக்க வேண்டும், யாரை எடுத்தால் அணி நாசம் என்று அணி நிர்வாகத்தை விட நாங்கள்தான் அதிகம் கவலைப்படுவோம். நான் பார்த்ததிலேயே பெரிய சண்டை 2021இல் நடந்தது. அதை எழுதுகிறேன், மற்றவர்களும் அவரவர் கண்டதை எழுதுங்கள்.

அந்தப் பருவத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனாவால் எல்லை மூடியிருந்ததில் எங்கள் அணி ரொறன்ரோவில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சொந்த ஊர் ஆட்டங்கள் எல்லாம் புளோரிடாவில், டாம்பாவில். 27 வெற்றி, 45 தோல்வி. 2019இல் கோப்பை தூக்கிய அணிக்கு பிளேஓஃப்கூட, அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்கூட, கிடைக்கவில்லை. அதற்குக் கிடைத்த ஒரே ஆறுதல் ஜூன் 22 லொத்தர், ட்ராஃப்டில் யார் எத்தனையாவதாக ஆள் எடுப்பது என்று தீர்மானிக்கும் குலுக்கல். தோல்விக் கணக்கில் ஏழாவது இடத்தில் இருந்த அணிக்கு முதல் நான்குக்குள் வர சுமார் 32 சதவீத வாய்ப்புத்தான். ஆனாலும் பந்து எங்கள் பக்கம் உருண்டது, 4ஆவது தெரிவு கையில் விழுந்தது.

அன்றிலிருந்து ட்ராஃப்ட் நடந்த ஜூலை 29 வரை எங்கள் தெருவில் ஒரு மாமாவின் கராஜ்தான் தலைமையகம். சொந்த மாமா இல்லை. தெருவில் எல்லாருக்கும் அவர் மாமா. கராஜ் கதவைத் தூக்கிவிட்டு, மடக்குக் கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, உள்ளே ஒரு பழைய டிவி. மாம்பழப் பெட்டி மூடி ஒன்றில் மாமாவின் மகன் கறுப்பு மார்க்கரால் நாலு பெயர் எழுதிச் சுவரில் சாத்தி வைத்திருந்தான்: கேட் கனிங்ஹாம், ஜேலன் கிரீன், எவன் மோப்லி, ஜேலன் சக்ஸ். முதல் மூவரும் டெட்ராய்ட், ஹியூஸ்டன், கிளீவ்லண்ட் என்று போய்விடுவார்கள், மிஞ்சுகிற சக்ஸ் எங்களுக்கு. அவனைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது.

சக்ஸ் கட்சிக்குக் காரணமும் இருந்தது. எங்கள் கார்ட் கைல் லவ்ரி போகப்போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும் (ஆகஸ்டில் மயாமிக்குப் போயும் விட்டார்). பந்தைக் கொண்டு வர ஒரு கார்ட் வேண்டும். அதோடு அந்த ஏப்ரல் எறி. கல்லூரிப் போட்டியின் அரையிறுதியான பைனல் ஃபோரில், யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்கு எதிராக, சக்ஸ் மேலதிக நேரத்தின் கடைசி நொடியில், நடுக்கோட்டைத் தாண்டியதுமே எறிந்து, பலகையில் பட்டு உள்ளே போன பந்து. 93க்கு 90. அதைப் பார்த்தவன் எவனும் சக்ஸை விட்டு வேறு பெயர் சொல்ல மாட்டான். மாமாவின் மகன் அதைப் போனில் போட்டுக் காட்டாத ஆள் தெருவில் இல்லை.

நான் வார இறுதிகளில் பெடியளுக்குக் கூடைப்பந்து பழக்குகிறவன். எனக்குப் பிடித்த பெயர் அந்த மூடியில் இல்லை. ஸ்கொட்டி பார்ன்ஸ், புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணி. நான் பெயரைச் சொன்னதும் ஒருவர் போனைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இவன் அங்கேயே முழு நேரம் ஆடேல்லை. பெஞ்சில இருந்து வாறவனை நாலாவதா எடுக்கிறதோ? சராசரி பத்துப் புள்ளி!"

அவர் சொன்னதில் பொய் இல்லை. பெரும்பாலும் மாற்று ஆளாகத்தான் இறங்கினார், த்ரீ (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளிக் கூடை) எறிவதும் சுமார்தான். ஆனால் ஆட்டத்தைப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். ஆறரை அடிக்கு மேல் உயரமான ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துகிறார். அடுத்த நிமிடம் மறுமுனையில் எதிரணியின் சின்னக் கார்டைக் காவல் காக்கிறார், அதற்கடுத்து கூடைக்குக் கீழே நிற்கும் உயரமான சென்டரைத் தள்ளிக்கொண்டு நிற்கிறார். பெஞ்சில் இருக்கும்போதும் வாய் ஓயாது, மற்றவன் கூடை போட்டால் முதலில் எழும்பிக் குதிப்பவர் அவர்தான். பழக்குகிற ஆளுக்கு இதெல்லாம் கண்ணில் படும். புள்ளிவிவரப் பெட்டியில் இதற்கு ஒரு கட்டமும் கிடையாது.

இதை நான் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. அப்போதுதான் அதுவரை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த மாமா வாய் திறந்தார்.

"95ஆம் ஆண்டு ட்ராஃப்ட் ஸ்கைடோமில நடந்தது, நான் போனனான்."

யாரும் நம்பவில்லை. ஆனால் 1995 ஜூனில் ட்ராஃப்ட் ரொறன்ரோவின் ஸ்கைடோம் அரங்கில் நடந்தது உண்மை. ராப்டர்ஸ் அப்போது பிறந்ததே இல்லை என்று சொல்லலாம், முதல் பருவம் அந்த வருடக் கடைசியில்தான் தொடங்கியது. மாமா கனடா வந்து கொஞ்சக் காலம், கூடைப்பந்து என்றால் ஊரில் பள்ளிக்கூட மைதானத்தில் பார்த்ததுதான். வேலை இடத்து நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"எங்கட முறை வந்தது, ஏழாவது. அதுக்கு முதலே சனம் ஓபானன், ஓபானன் எண்டு கத்தத் தொடங்கிட்டுது. நானும் கத்தினன். ஆரெண்டு தெரியாது. பேந்து மேடையில வேற ஒரு பேரைச் சொன்னாங்கள். எல்லாரும் 'பூ' எண்டு கூவினவை, நானும் கூவினன். அவன் ஆரெண்டும் தெரியாது."

கராஜே சிரித்தது. எட் ஓபானன் அந்த வருடம் யூசிஎல்ஏவைக் கல்லூரிச் சம்பியன் ஆக்கியவர், மார்ச் மாதம் முழுக்க டிவியில் தெரிந்த முகம். மேடையில் சொன்ன பெயர் டேமன் ஸ்டவுடமயர். அரிசோனாவில் ஆடிய, ஆறடிகூட இல்லாத கார்ட். அன்று கூவல் வாங்கியவர் அந்தப் பருவமே வருடத்தின் சிறந்த புதுமுகம் ஆனார். 72 வெற்றி எடுத்த ஜோர்டனின் சிக்காகோவை அதே ஸ்கைடோமில் 109க்கு 108 என்று இந்தப் புது அணி தோற்கடித்தபோது ஆடியவரும் அவர்தான். ஓபானன் 9ஆவதாக நியூ ஜெர்சிக்குப் போய், இரண்டு பருவத்தோடு என்பிஏவை விட்டே வெளியே வந்துவிட்டார்.

ரசிகன் மார்ச்சில் டிவியில் கண்டவனைத்தான் ஜூனில் கேட்கிறான் என்பது என் கட்சி. 95இல் ஓபானன், 2021இல் சக்ஸ். சக்ஸ் மோசமான ஆட்டக்காரர் என்று சொல்லவில்லை. ஒர்லாண்டோவில் தடுப்பாட்டத்தில் பெயர் எடுத்துவிட்டார். ஆனால் அந்த ஒரு எறி இல்லாவிட்டால் எங்கள் கராஜில் பாதிப் பேருக்கு அவரைத் தெரிந்திருக்காது.

சரி, ட்ராஃப்ட் இரவுக்கு வருவோம். முதல் மூன்றும் மூடியில் எழுதிய வரிசையிலேயே போயின. மகன் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வந்தான். நாலாவதுக்கு லீக் ஆணையர் அடம் சில்வர் வந்து பெயரைச் சொன்னார். ஸ்கொட்டி பார்ன்ஸ். மார்க்கர் கையிலேயே நின்றது. பிறகு ஒரே சத்தம். "விசரோ இவங்களுக்கு?" "மசாய்க்கு என்ன நடந்தது?" என்னைப் பார்த்து, ஏதோ நான்தான் அப்போது அணி நிர்வாகத்தின் தலைவராக இருந்த மசாய் உஜிரிக்குப் போன் பண்ணிச் சொன்ன மாதிரி ஒரு முறைப்பு. மாமா மட்டும் நிதானமாகக் கேட்டார்: "இவனுக்கும் கூவ வேணுமோ?"

அடுத்த வசந்தத்தில் பார்ன்ஸ் சிறந்த புதுமுகம் விருது வாங்கினார். ஸ்டவுடமயர், வின்ஸ் கார்ட்டர், அவர்களுக்குப் பிறகு ராப்டர்ஸ் வரலாற்றில் மூன்றாவது ஆள். மாமாவின் மகன் இன்றைக்கும் சக்ஸ்தான் என்கிறான். பிடிவாதத்தை மெச்சத்தான் வேண்டும்.

பிரம்ப்டனிலிருந்து:

அண்ணா, கதை நல்லாயிருக்கு. ஆனால் 95ஐயும் 2021ஐயும் காட்டி ரசிகனுக்கு ஒன்றும் தெரியாது என்று முடித்துவிட்டீர்களே, அது சரியில்லை. 2004ஐ ஏன் விட்டீர்கள்?

அப்போது நான் கல்லூரி முதலாம் ஆண்டு. எங்களுக்கு 8ஆவது தெரிவு. கன்டீனில் எங்கள் மேசையில் இருந்த எல்லாருமே ஆன்ட்ரே இக்வோடாலா என்றுதான் சொன்னோம். வின்ஸ் கார்ட்டருக்குப் பக்கத்தில் ஓடக்கூடியவன், காவல் காக்கத் தெரிந்தவன். அணி எடுத்தது ரஃபேல் அராவுஜோ. ஏன் என்று கேட்டால், சென்டர் இல்லையாம், சென்டர் வேண்டுமாம். இக்வோடாலா அடுத்த தெரிவிலேயே பிலடெல்பியாவுக்குப் போனார். 2015இல் கோல்டன் ஸ்டேட்டுக்காக இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் விருது வாங்கினார். அராவுஜோ மூன்றே பருவத்தில் என்பிஏவை விட்டுப் போய்விட்டார். எங்கள் மேசையில் ஒருவன் அந்த இரவே தன் ராப்டர்ஸ் தொப்பியைக் கழற்றித் தம்பிக்குக் கொடுத்துவிட்டான். தம்பி அதை மறுநாள் திருப்பிக் கொடுத்தது வேறு விஷயம்.

2006இல் முதல் தெரிவே எங்களுக்கு வந்தது. ஆன்ட்ரேயா பார்னியானி. இரண்டாவதாகப் போனவர் லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜ். இதற்கு மேல் எழுதினால் இரத்த அழுத்தம் ஏறும்.

அதனால் என் கணக்கு வேறு. அணியில் இருக்கிற ஓட்டையைப் பார்த்து ஆள் எடுத்தபோதெல்லாம்தான் அடி வாங்கியிருக்கிறோம். லவ்ரி போகிறார், அதனால் கார்ட் என்று 2021இல் கராஜில் கதைத்தவர்களும் அந்தத் தப்பைத்தான் செய்தார்கள். ஓட்டையை வேறு வழியில் அடைக்கலாம். பிரெட் வான்வ்லீட்டை 2016இல் ஒருவரும் ட்ராஃப்டில் எடுக்கவே இல்லை, அவர் வந்து கோப்பையே வென்று கொடுத்தார்.

சென்னையிலிருந்து:

நம்ம ஊரிலும் இந்தச் சண்டை உண்டு, நேரம்தான் வேறு. அங்கே வியாழன் இரவு 8 மணி என்றால் இங்கே வெள்ளி காலை 5:30. எங்கள் கோர்ட்டில் ஆடுகிற பசங்களில் பெரும்பாலும் ஸ்டெஃப் கறி என்ற கார்டுக்காக கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் ரசிகர்கள்தான். ராப்டர்ஸ் என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஓட்டையைப் பார்த்து எடுப்பது பற்றி பிரம்ப்டன் நண்பர் சொன்னாரே, அதற்கு இவர்களிடமே உதாரணம் இருக்கிறது. 2020இல் வாரியர்ஸுக்கு 2ஆவது தெரிவு. என் ரூம்மேட் ஒருவன் லமெலோ பால், லமெலோ பால் என்று மந்திரம் ஜெபித்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தன், "கறி இருக்கும்போது இன்னொரு கார்ட் எதுக்குடா? நமக்கு வேண்டியது சென்டர்" என்று ஜேம்ஸ் வைஸ்மனைச் சொன்னான். வைஸ்மன் கல்லூரியில் மொத்தமே மூன்று ஆட்டம்தான் ஆடியிருந்தார். அணியும் சென்டரைத்தான் எடுத்தது. லமெலோ அடுத்ததாக சார்லட்டுக்குப் போய் சிறந்த புதுமுகம் ஆனார். வைஸ்மனை 2023இல் கைமாற்றி விட்டார்கள். ஆனால் நடுவில் 2022இல் வாரியர்ஸ் சாம்பியன் ஆகிவிட்டதால் என் ரூம்மேட்டால் வாயைத் திறக்கவே முடியவில்லை. "அப்போ கோப்பை எப்படி வந்துச்சு?" என்ற ஒரே கேள்வியில் அவனை மடக்கிவிடுவார்கள்.

ஸ்காபரோ நண்பருக்கு ஒன்று. பார்ன்ஸ் அந்த விருதை வாங்கியது மோப்லியைவிட வெறும் 15 வாக்குப் புள்ளி கூடுதலாக எடுத்துத்தான், 378க்கு 363. மோப்லி 2025இல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதே வாங்கிவிட்டார். அப்புறம் எப்படி பார்ன்ஸ்தான் சரி என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

மார்க்கம் நகரிலிருந்து:

எங்கள் வீட்டில் நிபுணர் அம்மாதான். ஆட்டம் பார்க்க மாட்டார், ட்ராஃப்ட் மட்டும் தவற விட மாட்டார். மாப்பிள்ளை பார்ப்பது போல ஒவ்வொருவராக அளப்பார்: யார் தாயை முதலில் கட்டிப்பிடிக்கிறான், யார் தொப்பியைச் சரியாகப் போடுகிறான், யார் சிரிக்கிறான்.

2023இல் எங்களுக்கு 13ஆவது தெரிவு. தம்பிக்கு கியோன்டே ஜோர்ஜ் வேண்டும், எனக்கு கேம் விட்மோர். இரண்டு பேரும் சோபாவின் இரண்டு முனையில் இருந்து கத்திக்கொண்டிருந்தோம். விட்மோர் இவ்வளவு கீழே வருவதே அதிசயம், விடாதே என்பது என் வாதம். அப்போது கிரேடி டிக் பெயர் வந்தது. எழும்பி நடந்தார் பாருங்கள், உடம்பெல்லாம் ஜிகினா மினுங்கும் சிவப்பு ஜக்கெட். அம்மா சோபாவின் நுனிக்கே வந்துவிட்டார். "ஐயோ, என்ன வடிவான துணி! இந்தப் பிள்ளை எங்கட அணிக்கோ? நல்லது." தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு, "அம்மா, அவர் த்ரீ எறிகிறவர், அதைப் பாருங்கோ" என்றான். அம்மாவுக்குத் துணிதான் முக்கியம்.

விட்மோர் கடைசியில் 20ஆவது வரை போனார். நான் அதை இன்னும் மறக்கவில்லை என்று மட்டும் பதிவு செய்கிறேன்.

மீண்டும் ஸ்காபரோவிலிருந்து:

பிரம்ப்டன் தம்பி, அராவுஜோவை நான் வேண்டுமென்றுதான் விட்டேன், சாப்பிட்ட கையோடு எழுதிக்கொண்டிருந்தேன். உங்கள் ஓட்டைக் கணக்கை ஏற்கிறேன், அதில் என் கட்சிக்கும் லாபம்தான்.

சென்னை நண்பரே, மோப்லியை இதில் இழுக்காதீர்கள். அவர் 3ஆவதாகவே கிளீவ்லண்டுக்குப் போய்விட்டார். எங்கள் முறை வரும்போது மேசையில் இல்லாத ஆளை எப்படி எடுப்பது? நாலாம் இடத்தில் இருந்து பார்த்தால் கேள்வி சக்ஸும் இல்லை. 8ஆவதாகப் போன பிரான்ஸ் வாக்னர், 16ஆவதாகப் போன அல்பெரென் ஷெங்குன், இந்த இரண்டு பேரையும் பார்ன்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். அது நேர்மையான சண்டை. வாக்னர் என்றால் நான் கொஞ்சம் யோசிப்பேன், ஷெங்குன் என்றால் தடுப்பாட்டத்தில் இருந்து தொடங்குவேன். யார் வருகிறீர்கள்?