புதுப்பிப்பு: ஃபக்டரி ஸ்ட்ரைடரை எப்படி மேம்படுத்தலாம்?

2024 பெப்ரவரியில் வெளிவந்த ஹெல்டைவர்ஸ் 2 விளையாட்டில் எதிரியாக வரும் ஃபக்டரி ஸ்ட்ரைடர் என்ற நாலுகால் இயந்திரத்தின் காலில் அடித்தால் அது தடுமாற வேண்டும் என்று முதல் பதிவில் கேட்டிருந்தேன். அப்படிச் செய்தால் அணியிலுள்ள நாலு பேரும் காலிலேயே சுட்டுக்கொண்டு நிற்பார்கள் என்றார் வவுனியாத் தம்பி ஒருவர். நியாயமான பேச்சு. அதனால் கிளிநொச்சிப் பெடியளோடு சேர்ந்து மறுபடியும் கவனித்து விளையாடினோம்.

சரி, இப்போது நான் கேட்பது இதுதான். கால் அடிபட்டால் அது விழக்கூடாது. கொஞ்ச நேரம் முன்பக்கம் மட்டும் தாழ வேண்டும். அப்போது தாடைக்குக் கீழுள்ள இரண்டு சுழல் துப்பாக்கிகளும் நிலத்தைப் பார்க்கும், முதுகுப் பீரங்கி மட்டும் சுட்டுக்கொண்டே இருக்கும். வயிற்றுக்குக் கீழே ஓடத் துணிந்தவருக்கு வழி கிடைக்கும். தூரத்தில் நிற்பவருக்கு ஆபத்துக் குறையாது. டெவஸ்டேட்டர் என்ற எதிரி ரோபோக்களை இறக்கும் வயிற்றுக் கதவை உடைத்துவிட்டால், இறக்குவதும் அதோடு நிற்க வேண்டும்.

எனக்குப் பெரிய குறை சத்தம்தான். இவ்வளவு பெரிய இரும்பு, சில வேளை முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும் வரை தெரிவதில்லை. கனரக வாகனம் வந்தால் கண்ணில் படமுன்னமே நிலம் சொல்லிவிடும். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஒவ்வோர் அடிக்கும் திரை லேசாக அதிர்ந்து, காலடியில் தூசி எழும்பினாலே பயம் வந்துவிடும். அதன் ஹெல்த்தைக் கூட்டுவதால் அந்தப் பயம் வராது, சண்டைதான் இழுபடும்.

முன்பு சொன்ன, அதன் நிறம் மாற்றும் யோசனையை விட்டுவிட்டேன். மற்றதைத் தொகுத்து விளையாட்டை உருவாக்கிய ஆரோஹெட்டுக்கு அனுப்பப் போகிறேன். சேர்க்க ஏதும் இருந்தால் ஞாயிறுக்கு முன் எழுதுங்கள்.