கேட்பது 375, டாக்டர் சொல்வது 275: மார்பக இம்ப்ளான்ட் அளவை எது முடிவு செய்ய வேண்டும்?

தங்கச்சிமடம்_நர்ஸ்:
மதுரையில் பிளாஸ்டிக் சர்ஜனிடம் காட்டிவிட்டு வந்த ஒருவரின் அளவுகளை அவர் சம்மதத்தோடு பெயரில்லாமல் போடுகிறேன். இரண்டு பிள்ளைகள், சின்னது பால் மறந்து ஒரு வருடத்துக்கு மேல். மார்பின் அடி அகலம் 11.5 செ.மீ. மார்பின் மேல்பகுதியைக் கிள்ளிப் பிடித்தால் தடிமன் 1.5 செ.மீ. காம்பு வளையத்தின் ஓரத்தில் தோலைப் பிடித்து முன்னால் இழுத்தால் 2 செ.மீ. வருகிறது. தோலை நன்றாக இழுத்துப் பிடித்து, காம்பிலிருந்து மார்படி மடிப்பு வரை அளந்தால் 7 செ.மீ. அவர் கேட்பது 375 சிசி (மி.லி.) இம்ப்ளான்ட். டாக்டர் 275 என்கிறார், மிஞ்சிப்போனால் 300. அவருக்கு அதில் திருப்தியில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை_ஓடி_டெக்னீசியன்:
ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிறவன், டாக்டர் பக்கம்தான் நான். சிசி கடைசியில் வருகிற எண். முதலில் வருவது அகலம். இம்ப்ளான்ட் மார்பின் அடியை விட அகலமாக இருந்தால் ஓரம் அக்குள் பக்கம் துருத்தும், இல்லையென்றால் நடுவில் இரண்டும் நெருங்கும். இடம் பண்ணுவதற்காக நடு நெஞ்செலும்பில் தசையின் பிடியை அளவுக்கு மீறி அறுத்துவிட்டால் இரண்டு மார்பும் ஒன்றாக ஒட்டினாற்போல் ஆகிவிடும். அதைச் சரிசெய்வது முதல் ஆபரேஷனை விடக் கஷ்டம்.

அமெரிக்காவில் டெபெட்ஸ், ஆடம்ஸ் என்ற இரண்டு சர்ஜன்கள் 2005-ல் வெளியிட்ட கணக்கைத்தான் பல பேர் இன்னும் வைத்திருக்கிறார்கள். அகலம் 11 என்றால் 250-ல் தொடங்கு, 11.5-க்கு 275, 12-க்கு 300. தோல் இழுவை 2-க்குக் குறைவாக இருந்தால் 30 கழி. 3-ஐத் தாண்டினால் 30 கூட்டு, 4-ஐத் தாண்டினால் 60. உள்ளே சதை நிறைய இருந்தால் 30 கழி, காலிப்பையாகத் தொங்கினால் 30 கூட்டு. இவருக்கு இழுவை சரியாக 2. கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். 275.

இதில் முக்கியமானது அந்த 7 செ.மீ. 275 சிசி உட்கார காம்புக்கும் மடிப்புக்கும் நடுவே 7.5 வேண்டும். அரை செ.மீ. மடிப்பை இறக்கினால் முடிந்தது. 375-க்கு 9 வேண்டும். 2 செ.மீ. இறக்க வேண்டியிருக்கும். மடிப்பில் தோலை நெஞ்சுக்கூட்டோடு கட்டிப் பிடித்திருக்கிற நார்களை அவ்வளவு தூரம் அறுத்தால் இம்ப்ளான்ட் நாள்பட நாள்படக் கீழே சரிந்துகொண்டே போகும், காம்பு வானத்தைப் பார்க்கும். இல்லாவிட்டால் பழைய மடிப்புக் கோடு மறையாமல் நிற்கும், அதற்குக் கீழே இன்னொரு மேடு தெரியும். டபுள் பபுள் என்பது அதுதான்.

பாம்பன்_அலை:
காக்கா, கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கு எங்கே தொடங்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அதை டாக்டர்கள் தீர்ப்பு மாதிரி வாசிக்கிறார்கள். ஒரே அகலத்தில் மாடரேட், மாடரேட் பிளஸ், ஹை, அல்ட்ரா ஹை என்று இம்ப்ளான்ட் முன்னால் தள்ளி நிற்கிற உயரம் (புரொஃபைல்) மாறுகிறது. அகலம் 11.5-ஐ ஒட்டியே ஹை புரொஃபைலில் 300-ஐத் தாண்டலாம், அல்ட்ரா ஹையில் 350-ஐயும் தாண்டலாம். “அகலத்துக்கு மேல் போக முடியாது” என்று சொல்லிவிட்டு உயரத்தைப் பற்றிப் பேசாமல் அனுப்புவது அரைப் பதில்.

இன்னொன்று. மறு ஆபரேஷனுக்கு வருகிற காரணங்களில் அளவு பிடிக்காமல் போவது முன்வரிசையில் இருக்கிறது. அப்படி வருபவர்களில் இன்னும் பெரிதாக வைத்திருக்கலாம் என்பவர்களே அதிகம். கட்டுப்பெட்டித்தனமாக 275 வைத்து, இரண்டு வருடத்தில் மறுபடி மயக்க மருந்து கொடுத்துத் திறப்பது மட்டும் பாதுகாப்பா? சுமக்கப்போகிறவர் அவர். அளவும் அவர் சொல்வதாக இருக்க வேண்டும்.

கீழக்கரை_ஓடி_டெக்னீசியன்:
சுமக்கப்போகிறவர் அவர் என்பதால்தான் சொல்கிறேன். சிலிக்கான் ஜெல் ஒரு சிசி கிட்டத்தட்ட ஒரு கிராம். பக்கத்துக்கு 100 கூடினால் இரண்டு பக்கமும் சேர்த்து 200 கிராம், ராத்திரி பகல் தோல் மேல்தான். அல்ட்ரா ஹை முன்னால் தள்ளுகிற அளவுக்குப் பின்னால் இருக்கிற சொந்தச் சதையையும் அழுத்துகிறது. சதை மெலியும், தோல் நீளும், ஓரமும் மடிப்பலையும் விரலில் தட்டுப்படும். இம்ப்ளான்டை எடுத்துவிடலாம். மெலிந்த சதை திரும்ப வராது.

அகலத்திலும் ஒரு கழிவு இருக்கிறது, சொல்ல விட்டுப்போகிறது. 11.5 என்பது வெளியே தெரிகிற அகலம். இரண்டு பக்க ஓரத்திலும் சதையின் தடிமன் இருக்கிறதே, உள்ளே போகிற இம்ப்ளான்ட் 11-க்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அப்போது அல்ட்ரா ஹையிலும் உங்கள் 375 எளிதில் அடங்காது.

தேவிபட்டினம்_பிளவுஸ்:
அளவு என்றதும் நானும் வந்துவிட்டேன். வீட்டில் இஞ்ச் டேப்பை வைத்து அகலம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். டேப் வளைவின் மேல் படியும், கூடத்தான் காட்டும். சர்ஜன் எடுப்பது காலிப்பர் வைத்து நேர்கோட்டில். டேப்பில் 14 வந்தது என்று 350 கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது கப். “சி கப் ஆக்கிவிடுங்கள்” என்பதற்கு டாக்டரிடம் சிசி கிடையாது. 32 சி, 34 பி, 36 ஏ மூன்றிலும் கப்பின் கொள்ளளவு ஏறத்தாழ ஒன்றுதான், சுற்றளவுதான் வேறு. கம்பெனிக்குக் கம்பெனியும் மாறும். ஒரு கப் ஏற 150-லிருந்து 200 சிசி என்று ஒரு குத்துமதிப்பு சொல்வார்கள். ஒல்லியான உடம்பில் 150-லேயே ஏறிவிடும், அகன்ற நெஞ்சில் 200 போட்டாலும் பிளவுஸில் பெரிய வித்தியாசம் தெரியாது.

பாம்பன்_அலை:
அண்ணே, அதனால்தான் அரிசி டெஸ்ட் செய்யச் சொல்கிறோம். ஸ்டாக்கிங்ஸ் துணியில் அரிசி கட்டி, உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு அரை நாள் வீட்டு வேலை பாருங்கள். நம்ம வீட்டு உழக்கு 336 மி.லி., ஆழாக்கு 168. சிசியும் மி.லி.யும் ஒன்றே. உழக்கு வைத்தால் கனமாகத் தெரிகிறதா, ஆழாக்கும் அரையும் போதுமா என்று கண்ணாடியே சொல்லிவிடும்.

கீழக்கரை_ஓடி_டெக்னீசியன்:
லாத்தா, அரிசிக்கு அகலம் தெரியாது. உள்ளாடைக்குள் எப்படி வேண்டுமானாலும் பரவும், எந்த உடம்பிலும் 375 பொருந்திவிடும். கனமும் ஏமாற்றும், உழக்கு அரிசி 300 கிராம்கூட வராது, அதே அளவு ஜெல் 330 கிராம் பக்கம் இருக்கும். தசைக்குக் கீழே வைத்தால் வெளியே வைத்துப் பார்த்ததைவிடக் கொஞ்சம் சின்னதாகத் தெரியும் என்று 25, 50 கூட்டிக்கொள்வதும் உண்டு. கூட்டலாம், ஆனால் அதுவும் அகலத்துக்குள்தான். உடுத்துகிற துணிக்குப் பொருத்தம் பார்க்க அரிசி உதவும், மறுக்கவில்லை.

மண்டபம்_பிசியோ:
வைக்கிற இடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. மேல்பகுதிக் கிள்ளல் 2 செ.மீ.க்குக் குறைவு என்றால் மார்புச் சதைக்குக் கீழே மட்டும் வைத்தால் ஓரம் தெரியும். அதனால் மேல் பாதி நெஞ்சுத் தசைக்குக் கீழேயும் கீழ்ப் பாதி மார்புச் சதைக்குக் கீழேயும் வருகிற மாதிரி டூயல் பிளேன் வைப்பார்கள். இவருக்கு 1.5 என்பதால் டாக்டர் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அதன் விலை என்னவென்றால், கையை உள்பக்கம் அழுத்துகிற ஒவ்வொரு முறையும் தசை இறுகி இம்ப்ளான்டைத் தட்டையாக்கி வெளிப்பக்கம் தள்ளும். மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. துடுப்புப் போடுகிறவர், நீந்துகிறவர், சின்னப்பாலம் பக்கம் முங்கிப் பாசி எடுக்கிற பெண்கள், இவர்களுக்கு நாளெல்லாம் அந்தத் தசைதான் வேலை. இம்ப்ளான்ட் பெரிதாக ஆக அந்த நகர்வும் கண்ணுக்கு அதிகம் தெரியும். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பது தெரியாமல் 275-ஆ 375-ஆ என்று பேசுவது பாதிக் கேள்விக்குப் பதில் சொல்வது.

உச்சிப்புளி_75:
சாமி கொடுத்ததை விட்டுவிட்டு இதெல்லாம் நம்ம ஊருக்குத் தேவையா? பணக்காரர் வேலை.

தங்கச்சிமடம்_நர்ஸ்:
2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதற்கு இலவச கிளினிக்கே திறந்தார்கள் அண்ணே. அன்றைக்கும் இதே கேள்வி கேட்டார்கள். பிறவியிலேயே ஒரு பக்கம் வளராதவர், புற்றுநோயில் எடுத்தவர், கனம் தாங்காமல் முதுகு வலிப்பவர் எல்லாருக்கும் அதே துறைதான். தேவையா என்பது வேறு திரி. இங்கே அளவு மட்டும்.

பிசியோ மேடம், அவருக்குக் கையால் செய்கிற கனமான வேலை உண்டு. அப்போது சதைக்குக் கீழேயே வைத்துவிட்டால்?

மண்டபம்_பிசியோ:
வைக்கலாம், அப்போது அளவு இன்னும் குறைய வேண்டும். 1.5 மூடாக்குக்குக் கீழே 375 வைத்தால் குனியும்போது மேல்பகுதியில் அலை அலையாகத் தெரியும். தசையின் மேலுறைக்குக் கீழே 240, 250 வைத்து, மேல் ஓரத்தில் வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ உறிஞ்சிய கொழுப்பை ஏற்றுகிற வழி ஒன்று இருக்கிறது. ஏற்றிய கொழுப்பில் ஒரு பங்கு கரைந்துவிடும், இரண்டாம் முறை தேவைப்படலாம். உடம்பில் எடுக்கக் கொழுப்பும் வேண்டுமே.

பாம்பன்_அலை:
சரி, 375-ஐ நான் பிடித்துத் தொங்கவில்லை. என் சண்டை எண்ணை டாக்டர் தனியாகத் தீர்மானிப்பதோடு. ஆபரேஷனுக்கு முன்னால் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள். ஒன்று, எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை உடம்பு தாங்கும். இரண்டு, அந்த வரம்புக்குள் எந்தப் புரொஃபைல்கள் கையிருப்பில் இருக்கும், ஏனென்றால் 275 தீர்ந்துவிட்டது என்று 325 வைப்பதும் நடக்கிறது. மூன்று, ஆபரேஷன் மேசையில் சைசர், அதாவது அளவு பார்க்கிற தற்காலிக இம்ப்ளான்ட் வைத்து, நோயாளியைச் சாய்த்து உட்காரவைத்துப் பார்ப்பார்களா. முப்பரிமாணப் படம் காட்டுகிறார்கள் என்றால் படத்தில் 275, 300, 325 மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் காட்டினால் அது விளம்பரம்.

இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிற பெண் அபூர்வம். பக்கத்துக்குப் பக்கம் 25, 50 வித்தியாசம் வைக்க வேண்டிவரலாம். அகலமே இரண்டு பக்கமும் வேறு என்றால், ஒரே இம்ப்ளான்டை இரண்டிலும் வைத்தால் இருக்கிற வித்தியாசம் பெரிதாகத்தான் தெரியும். அந்த 11.5 எந்தப் பக்கத்து அளவு?

கீழக்கரை_ஓடி_டெக்னீசியன்:
எழுத்தில் கேட்பதில் எனக்கும் சம்மதம். சைசர் பற்றி ஒரு எச்சரிக்கை. சைசரை வைத்துப் பார்த்து இன்னும் கொஞ்சம் பெரிது, இன்னும் கொஞ்சம் பெரிது என்று மூன்று நான்கு முறை உள்ளே வெளியே எடுத்தால் கிருமி ஏறும் வாய்ப்பும் கூடும். இம்ப்ளான்டைச் சுற்றி உடம்பு கட்டுகிற உறை இறுகிக் கல்லாவதற்கு அந்தக் கிருமிப் படலம் ஒரு காரணம். அதனால்தான் காம்பை ஒட்டுப்படலத்தால் மூடுவது, குழிக்குள் மருந்து ஊற்றிக் கழுவுவது, கை படாமல் புனல் போன்ற உறை வழியாக உள்ளே தள்ளுவது எல்லாம். முன்கூட்டியே அளந்து வந்தால் ஒரு சைசர் போதும்.

இவருக்கு 275, அல்லது தோலில் இடம் தெரிந்தால் 300. அதற்கு மேல் நான் நகர மாட்டேன்.

பாம்பன்_அலை:
ஹை புரொஃபைலில் 325 வரை கேட்கலாம் என்கிறேன், ஒரு செ.மீ.க்கு உள்ளே மடிப்பை இறக்கி, உள்தையல் போட்டு நிறுத்தினால். உங்கள் கணக்கிலேயே 325-க்கு 8 தானே காக்கா.

கீழக்கரை_ஓடி_டெக்னீசியன்:
8 தான். ஆனால் அது இதைவிட அகலமான மார்புக்குரிய 325. குறுகிய அடியில் உயரம் கூடினால் கீழ்ப்பகுதித் தோலும் கூட வேண்டும். உள்தையல் நிற்கிறதா இல்லையா என்பது அவர் திசுவைப் பொறுத்தது, இரண்டு பிள்ளை பெற்று நெகிழ்ந்த தோல்.

தங்கச்சிமடம்_நர்ஸ்:
11.5 இரண்டு பக்கமும்தான், காம்பு உயரத்தில் மட்டும் சிறு வித்தியாசம். கேட்டுச் சொல்கிறேன்.

எந்த அளவானாலும் ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் முதல் இரண்டு நாளாவது மதுரையிலேயே தங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கல் மாதிரி வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம், உடனே திறக்க வேண்டும். அந்த நேரத்தில் 170 கிலோமீட்டர் காரில் போக முடியாது. கடல் குளியல், அக்னி தீர்த்தம், 22 தீர்த்தம் எல்லாம் காயம் முழுதும் ஆறி டாக்டர் சரி என்ற பிறகு, சாதாரணமாக ஆறு வாரம். கம்பெனி, சீரியல் எண், லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள். சொரசொரப்பு மேற்பரப்புள்ள ஒரு வகையை அரிய நிணநீர்ப் புற்றுநோய் காரணமாக 2019 ஜூலையில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். ஸ்டிக்கர் இல்லாதவர்களுக்குத் தங்களுடையது எது என்றே தெரியவில்லை. வருடம் கழித்து ஒரு பக்கம் வீங்கினால் ஸ்கேன் எடுத்து, நீர் இருந்தால் உறிஞ்சிச் சோதிக்கச் சொல்லுங்கள்.

தேவிபட்டினம்_பிளவுஸ்:
கடைசியாக ஒன்று. ஆபரேஷன் முடிந்த மாதமே புதுப் பிளவுஸ் தைக்கக் கொடுக்காதீர்கள். முதலில் வீக்கத்தில் மேலே தூக்கி நிற்கும், கீழே இறங்கிப் படிய மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். அளவு பிடித்திருக்கிறதா இல்லையா என்ற தீர்ப்பும் அதற்குப் பிறகுதான். அதுவரை கம்பி வைத்த உள்ளாடையும் வேண்டாம். பழைய பிளவுஸில் பக்கத் தையலைப் பிரித்துக் கொடுக்கிறேன், உள்ளே துணி விட்டிருந்தால்.