சித்ரா பௌர்ணமி இரவில் கேட்ட நாதஸ்வரம்: உங்கள் அனுபவம் என்ன?

சித்ரா பௌர்ணமி இரவில் சுவாமி பூ அலங்காரத்தோடு வீதி வரும் வேலூர் புஷ்பப் பல்லக்கைப் பற்றி எழுதுகிற எல்லோரும் பூவைப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கு அந்த இரவு மேளத்தால்தான் நினைவிருக்கிறது.

மண்டித் தெருப் பக்கம் நின்றிருந்தேன். பகலெல்லாம் காய்ந்த தார் ரோடு, இரவு பதினொரு மணிக்கும் செருப்பைத் தாண்டிச் சுட்டது. பக்கத்தில் ஒரு வங்காளத் தம்பதி. வைத்தியத்துக்கு வந்து காந்தி ரோட்டு லாட்ஜில் தங்கியிருக்கிறார்களாம். அந்த அம்மாளின் புறங்கையில், ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி. கடைக்காரர் ஒருவர் தம்முடைய ஸ்டூலை அவருக்குக் கொடுத்துவிட்டு, இரவு முழுவதும் நின்றுகொண்டே வியாபாரம் பார்த்தார்.

பல்லக்கு அசைந்ததும் மேளம் எழுந்தது. அந்த வங்காளக்காரர் என் பக்கம் திரும்பி, "ஷெனாய்?" என்றார். "நாதஸ்வரம்" என்றேன். சொல் நாக்கில் படியும் வரை மூன்று முறை சொல்லிப் பார்த்தார். பிறகு நிதானமாக ஒரு ராகம். அதுவரை யாரிடமும் பேசாதிருந்த அந்த அம்மாள் கண்களை மூடிக்கொண்டு, முழங்காலில் விரலால் தாளம் போட ஆரம்பித்தார்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பின்னால் ஜெனரேட்டர் வண்டியிலிருந்து ஒலிபெருக்கி அலறியது. நாதஸ்வரக்காரரின் கன்னம் புடைப்பது தெரிந்தது, ஓசை வரவில்லை. நான் நினைத்தால் அதை நிறுத்திவிடலாம் என்பதுபோல அந்த வங்காளக்காரர் என்னைப் பார்த்தார். ஓராண்டாகியும் அந்தப் பார்வை என்னை விட்டுப் போகவில்லை.

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

கொசப்பேட்டையிலிருந்து:

அம்மா, எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் சுவாமி இல்லாத காலம் எனக்குத் தெரியும். கல்யாண மண்டபத்து யாளித் தூண்களுக்கு நடுவே ஓடிப் பிடித்து விளையாடுவோம். கருவறைப் பக்கம் மட்டும் போகமாட்டோம், வெறும் இருட்டு. 1981 மார்ச்சில் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் வந்தது. அதன்பின் ஒருநாள் உள்ளே மேளம் வாசிக்கக் கேட்டேன். கல் அந்த ஓசையை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. அருகில் நின்ற என் தகப்பனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த மேளத்துக்கு ஊர் எவ்வளவு காலம் காத்திருந்தது என்று எண்ணிப் பாருங்கள். அதையா ஒலிபெருக்கியால் மூடுவது?

குடியாத்தத்திலிருந்து:

அக்கா, பல்லக்கு அசையும்போது நீங்கள் கேட்டது மல்லாரியாக இருக்கும். சுவாமி புறப்பாட்டுக்கு கம்பீர நாட்டை ராகத்தில் வாசிப்பது. அதற்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள் கிடையாது, தாளச் சொற்கட்டும் நடையும்தான்.

என் அப்பா தவில்காரர். வலக்கை விரல்களில் கூடு மாட்டி, இடக்கையில் கழி பிடித்து, பலாமரத் தவிலைத் தோளில் தொங்கவிட்டபடி விடிய விடிய நடந்து வாசித்தவர். வார் பதிந்த தழும்பு இன்னும் தோளில் இருக்கிறது. ஓர் ஆண்டு ஊர்வலம் தெருமுனையில் நின்றபோது, கூட்டத்திலிருந்து ஒரு மூட்டைத் தொழிலாளி, "சண்முகப்பிரியா ராகம் கொஞ்சம் வாசியுங்கள்" என்று கேட்டாராம். அரைமணி நேரம் வாசித்தார்கள். அன்று வாங்கிய சம்பளம் எவ்வளவு என்பது அப்பாவுக்கு மறந்துவிட்டது. அந்தத் தொழிலாளி சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த வாழைப்பழத்தை இன்றும் சொல்கிறார்.

அப்பா இப்போது வாசிப்பதில்லை. வரும் சித்திரையில் அவரை அழைத்து வருகிறேன். ஒலிபெருக்கி வண்டி பின்னால்தான் வரும். அதற்கு நூறடி முன்னால், மேளக்காரர்களோடு சேர்ந்து நடந்துவிட்டால் தவில் தெளிவாகக் கேட்கும். மண்டித் தெரு முனையில் பத்து மணிக்கு நிற்போம். நீங்களும் வாருங்கள் அக்கா. கொசப்பேட்டை ஐயாவுக்கு ஒரு ஸ்டூல் நான் கொண்டுவருகிறேன்.