மறுமொழி: பாராஃபைலெட்டிக் – ‘பக்கமரபு’ சரிதானா?

ஐயா, வணக்கம். உயிரின வகைப்பாட்டில் ஒரு மூதாதையும் அதன் வாரிசுகள் எல்லாமும் சேர்ந்த கூட்டம் மானோஃபைலெட்டிக்; வாரிசுகளில் சில விடுபட்ட கூட்டம் பாராஃபைலெட்டிக். இவற்றுக்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் எழுதியது:

> மானோ என்றால் ஒன்று, பாரா என்றால் பக்கம். ஆகவே ஒருமரபு, பக்கமரபு.

கிரேக்க முன்னொட்டு தமிழுக்கு வந்துவிட்டது, சரி, பொருள் வந்ததா? வேலூரில் பதினோராம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். ‘பக்கமரபு’ என்று கரும்பலகையில் எழுதினால், எந்தப் பக்கம் என்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள். ‘ஒருமரபு’ இன்னும் வம்பு.

ஈக்களையே எடுத்துக்கொள்வோம். டிப்டெரா வரிசையில் பறக்க ஒரு சோடிச் சிறகுதான். பின்சிறகுகள் சுருங்கி, குமிழ் வைத்த குச்சிபோல் ஆகி, பறக்கையில் உடல் திரும்புவதை உணர்கின்றன. கொசுவும் இதில் சேர்த்தி. பழைய வகைப்பாடு இந்த வரிசையை உணர்கொம்பை வைத்து இரண்டாக்கியது. கொம்பு நீண்டவை நெமட்டோசெரா: கொசு, காளான் ஈ. குட்டையானவை பிராக்கிசெரா: வீட்டு ஈ, மாட்டு ஈ, மாங்காயைத் துளைத்து முட்டையிடும் பழ ஈ. பார்க்க ஒழுங்கான பாகப்பிரிவினை. ஆனால் குட்டைக்கொம்பு ஈக்கள் தோன்றியதே நீள்கொம்புக் கூட்டத்துக்குள்ளிருந்துதான். காளான் ஈ, கொசுவைவிட வீட்டு ஈக்கே கிட்டத்துச் சொந்தம். அப்படியானால் நெமட்டோசெராவுக்கும் மூதாதை ஒன்றுதானே? ‘ஒருமரபு’ இரண்டுக்கும் பொருந்திவிடும். அந்த மூதாதையின் வாரிசுகள் எல்லாரும் பட்டியலில் இருக்கிறார்களா, யாராவது விடுபட்டார்களா என்பதைச் சொல்ல வேண்டிய சொல் இது.

போன ஆடியில் ஒடுகத்தூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி எழுதினார்கள். ராணிப்பேட்டைக்குத் தோல் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே வீடு கட்டிக்கொண்ட சித்தப்பாவை ஏட்டில் ஏற்றவில்லை. “நாங்க பங்காளி இல்லையா?” என்று வந்து நின்றார். ஜெர்மன் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் வகைப்பாட்டைப் பார்த்துக் கேட்டதும் அதேதான். (அவரும் ஈக்களை ஆராய்ந்தவர்தான். 1950இல் அவர் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நூலிலிருந்து இந்த வழக்கு சூடு பிடித்தது.)

முதலில் ‘கால்வழி’ என்ற பழஞ்சொல்லை நினைத்தேன். ‘முழுக்கால்வழி’ என்று எழுதிப் பார்த்தால் முழுக்கால் சட்டை ஞாபகம் வருகிறது, விட்டுவிட்டேன். என் பரிந்துரை: மானோஃபைலெட்டிக் நிறைவழி, பாராஃபைலெட்டிக் குறைவழி, வெவ்வேறு மூதாதைகளின் வாரிசுகளை ஒன்றாகச் சேர்த்த பாலிஃபைலெட்டிக் கலப்புவழி. பெயரில் ஈ இருக்கிறதே என்று தேனீயையும் வீட்டு ஈயையும் மட்டும் ஒரே கூட்டில் போட்டால் அது கலப்புவழி. தேனீக்கு நான்கு சிறகு; அதன் சொந்தமெல்லாம் குளவியும் எறும்பும்.

> ‘குறை’ என்றால் மட்டம் என்று தொனிக்காதா?

கொஞ்சம் தொனிக்கும். குறை நாம் போட்ட பட்டியலில்தான், பாவம், கொசு என்ன செய்யும்? வேண்டுமானால் ‘விடுவழி’ எனலாம். எனக்கென்னவோ அது பஸ் தடத்தின் பெயர் மாதிரி இருக்கிறது.

நெமட்டோசெராவுக்கு ‘நீள்கொம்பிகள்’ என்று போன வாரம் முடிவு செய்தோம். அதன் பக்கத்தில் ‘குறைவழித் தொகுதி’ என்று போட்டு ஒரு பத்தி எழுதிப் பாருங்கள், ஐயா. உறுத்தினால் சொல்லுங்கள்.