ஆறு பேர் ஏறினால் திணறும் படகு: புரொப்பெல்லரின் பிட்ச்சை எவ்வளவு குறைக்கலாம்?

கேள்வி

வணக்கம். 115 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் பொருத்திய, 18 அடி நீளமுள்ள பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கிக் குடும்பத்துடன் ஓட்டி வருகிறேன். படகோடு வந்த மூன்று இறக்கை அலுமினியப் புரொப்பெல்லரில் 13¼ × 19 என்று பொறித்திருக்கிறது. இருவர் மட்டும் போகும்போது எஞ்சின் 5100 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5100 சுற்றுகள்) வரை செல்கிறது. ஆறு பேரும் சாமான்களும் ஏறிவிட்டால், முன்பகுதி வெகுநேரம் மேலே தூக்கியபடியே இருக்கிறது. த்ராட்டிலை முழுவதும் திறந்தாலும் 4600-ஐத் தாண்டுவதில்லை. அப்போது ஜிபிஎஸ் மணிக்கு 54 கிலோமீட்டர் காட்டுகிறது. முழு த்ராட்டிலில் 5000 முதல் 6000 வரை இருக்க வேண்டும் என்கிறது கையேடு. கியர் விகிதம் 2.08, அதாவது எஞ்சின் 2.08 சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று சுற்றும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அதன் ஆயுள் கூடும், எரிபொருளும் மிச்சமாகும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரியா? புரொப்பெல்லரை மாற்ற வேண்டுமா?

பதில் 1

நண்பர் சொல்வது சரியல்ல. அதை நம்பி அப்படியே ஓட்டிவிடாதீர்கள். த்ராட்டில் முழுவதும் திறந்திருக்கையில் எஞ்சினால் உரிய சுற்றை எட்ட முடியவில்லை என்றால், மேட்டில் உயர் கியரில் ஏறும் வாகனத்தைப் போல அது திணறுகிறது என்றே பொருள். சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் மிகுந்து, காலப்போக்கில் பிஸ்டனும் பேரிங்குகளும் பழுதாகும்.

பொறித்துள்ள எண்களில் முதலாவது விட்டம். இரண்டாவது பிட்ச், அதாவது நழுவலே இல்லாத நிலையில் புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேறக்கூடிய தூரம். இரண்டும் அங்குலக் கணக்கு. 4600-ஐ 19-ஆல் பெருக்கி, அதை 0.001524-ஆல் (நிமிடத்துக்கு இத்தனை அங்குலம் என்பதை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று மாற்றும் எண்) பெருக்கி, 2.08-ஆல் வகுத்தால் மணிக்கு 64 கிலோமீட்டர் வருகிறது. உங்களுக்குக் கிடைப்பது 54. ஆகவே நழுவல், அதாவது கணக்கு வேகத்தைவிட உண்மை வேகம் குறையும் அளவு, ஏறத்தாழ 16 விழுக்காடு. பாரம் ஏற்றிய இத்தகைய படகுக்கு இது இயல்பானதே. இந்தக் கணக்கை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. நழுவல் 30 விழுக்காடாக இருந்திருந்தால், பிட்ச்சை விட்டுவிட்டு வளைந்த இறக்கையையோ புரொப்பெல்லரைத் தண்டோடு இணைக்கும் நடுப்பகுதியான ரப்பர் ஹப் தளர்ந்திருப்பதையோ தேட வேண்டியிருக்கும். உங்கள் புரொப்பெல்லர் தண்ணீரை நன்றாகவே பற்றுகிறது. பாரத்துக்குப் பிட்ச் அதிகம், அவ்வளவுதான்.

பிட்ச்சில் ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும். 17-க்கு வந்தால் ஆறு பேருடன் 5000-ஐ ஒட்டியே நிற்கும். 15-க்கு வந்தால் பாரத்துடன் 5200 முதல் 5400 வரையும், இருவருடன் 5700 முதல் 5900 வரையும் எதிர்பார்க்கலாம்; இரண்டும் கையேட்டின் வரம்புக்குள் அடங்குகின்றன. நான் 15-ஐயே தேர்ந்தெடுப்பேன். ஒரே வரிசையில் பிட்ச் குறைந்த புரொப்பெல்லரின் விட்டம் சற்றுப் பெரிதாக இருப்பது வழக்கம், அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

பதில் 2

மேலே உள்ள கணக்கை ஏற்கிறேன். ஆயினும் பணம் செலவழிக்கும் முன் எஞ்சின் பொருத்தியிருக்கும் உயரத்தைப் பாருங்கள். புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டையான தகடு படகின் அடிப்பகுதியோடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மிகவும் தாழ்ந்திருந்தால் நீரின் இழுவை கூடி ஆர்பிஎம் குறையும். உயர்ந்திருந்தால் திருப்பங்களில் காற்றை உறிஞ்சி எஞ்சின் திடீரென வேகமாகச் சுற்றும்.

பெரும்பாலும் ஆறு பேருடன்தான் செல்வீர்கள் என்றால் நான்கு இறக்கைப் புரொப்பெல்லரையும் எண்ணிப் பார்க்கலாம். படகு விரைவில் எழும், அதாவது நீரைக் கிழித்துச் செல்லாமல் அதன் மேல் வழுக்கி ஓடத் தொடங்கும். குறைந்த வேகத்திலும் எழுந்த நிலையிலேயே ஓடும். உச்ச வேகம் சிறிது குறையும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தகடு சரியான மட்டத்தில்தான் இருக்கிறது. அறிமுகமான ஒருவரிடம் 15 பிட்ச் உள்ள மூன்று இறக்கைப் புரொப்பெல்லரை இரவல் வாங்கி, அதே ஆறு பேருடன் ஓட்டிப் பார்த்தேன். 5300 ஆர்பிஎம் வந்தது; வேகம் மணிக்கு 52. படகு எழும் நேரம் பாதியாகக் குறைந்தது போலவே தோன்றியது. ஆகவே 15 என்று முடிவு செய்துவிட்டேன். அலுமினியமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்பது மட்டுமே மீதி.

பதில் 3

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இறக்கைகள் மெல்லியவை, அழுத்தத்தில் வளையாதவை; அதனால் வேகம் சற்றுக் கூடும். ஆனால் விலை பல மடங்கு. பாறையும் மரக்கட்டையும் உள்ள ஆழமற்ற நீரில் ஓட்டுபவருக்கு நான் அலுமினியத்தையே பரிந்துரைப்பேன். மோதும்போது இறக்கை வளைந்து அடியின் வேகத்தை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஸ்டீல் வளையாததால் அந்த அதிர்ச்சி கியர்களை நோக்கிச் செல்லும், அப்போது ஹப் ஒன்றே காப்பு. பழைய 19-ஐ மாற்றுப் புரொப்பெல்லராகப் படகிலேயே வைத்திருங்கள்.

மாற்றும்போது முதலில் சாவியை எடுத்துவிட்டு, எஞ்சின் நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்யுங்கள். தண்டில் மீன்பிடி நரம்பு சுற்றியிருந்தால் முழுவதும் அகற்றுங்கள். அது ஆயில் சீலை அறுத்துவிட்டால் கியர் பெட்டிக்குள் தண்ணீர் புகும். தண்டுக்குக் கிரீஸ் தடவி, வாஷர்களைக் கழற்றிய வரிசையிலேயே மாட்டி, நட்டின் பூட்டுப் பின்னைப் புதிதாகப் போடுங்கள்.