புதுப்பிப்பு: நெகட்டிவில் பால் படலம், காரணம் பிக்ஸர்தான்

டி-மேக்ஸ் 400 கறுப்பு-வெள்ளை பிலிம் சுருளைக் கழுவியபோது பால்போல மங்கல் திட்டு, கூடவே ரோஸ் சாயல் ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது: வீரியம் தீர்ந்துபோன பிக்ஸர், அதாவது கழுவும்போது படத்தை நிலைநிறுத்தும் கரைசல்.

டெவலப்பர் (படத்தைத் தெரியவைக்கும் கரைசல்) தொடாத சில்வர் ஹாலைடை, அதாவது பிலிமில் உள்ள ஒளி உணரும் வெள்ளி உப்பைக் கரைத்து எடுப்பது பிக்ஸரில் உள்ள தயோசல்பேட். டி-மேக்ஸ், டெல்டா போன்ற தட்டைப் படிக பிலிம்களில் (இந்த உப்பின் படிகங்கள் தட்டையாக இருப்பவை) அயோடைடு கூடுதல். அது கரைவதே மெதுவாக. கரைந்து சேரச் சேர பிக்ஸரின் வேகத்தையும் குறைக்கும். மங்கல், கரையாமல் நின்ற ஹாலைடு. ரோஸ், பிலிமின் ஒளி உணர்வைக் கூட்டச் சேர்க்கும் சாயத்தின் மிச்சம். ரோஸ் லேசாக இருந்தால் கெடுதல் இல்லை, அடர்த்தியாக இருந்தால் பிக்ஸரைச் சந்தேகியுங்கள்.

சோதனை எளிது. டெவலப் செய்யாத பிலிமிலிருந்து வெட்டிய நுனியில் ஒரு சொட்டு பிக்ஸர் விடுங்கள். 30 விநாடி கழித்து நுனி முழுவதையும் பிக்ஸரில் முக்கி ஆட்டுங்கள். சொட்டு விழுந்த வட்டமும் சுற்றுப்பகுதியும் ஒரே தெளிவுக்கு வரும் நேரத்தைக் குறியுங்கள். சாதாரண பிலிமுக்கு அதன் இரு மடங்கு, தட்டைப் படிகத்துக்கு மூன்று மடங்கு நேரம் பிக்ஸ் செய்யவேண்டும். தெளியும் நேரம் புதுக் கரைசலில் எடுத்ததைப்போல இரு மடங்கானால் அந்தக் கரைசலை விட்டுவிடுங்கள். சாக்கடையில் மட்டும் ஊற்றவேண்டாம், அதில் வெள்ளி இருக்கிறது.

பழைய சுருளைப் புது பிக்ஸரில் மறுபடி போட்டு நன்றாக அலசியதும் திட்டு போய்விட்டது. இதைத் தள்ளிப்போடாதீர்கள்: மிஞ்சிய ஹாலைடு வெளிச்சத்தில் கறுக்கும், பிறகு பிக்ஸர் அதை எடுக்காது.