போஸ்ட்கிரஸில் ஒரு குவெரிக்கு மட்டும் கில் -9 கொடுக்கலாமா?

கேள்வி:
உபுண்டு சர்வரில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் ஓடுகிறது. மாதக் கடைசி ரிப்போர்ட்டுக்காக ஒருவர் போட்ட குவெரி காலையிலிருந்து முடியவில்லை. அவர் டெர்மினல் விண்டோவை மூடிவிட்டார், அதனால் கன்ட்ரோல்-சி அடிக்க வழியில்லை. ஓடும் பிராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கமாண்டில் அந்தப் பிராசஸ் தனி எண்ணோடு தெரிகிறது. அதற்கு மட்டும் கில் -9 (பிராசஸை வலுக்கட்டாயமாக முடிக்கும் சிக்னல்) கொடுத்தால் மற்ற இணைப்புகளுக்கு ஒன்றும் ஆகாதுதானே? கவுண்டரில் பில்லிங் நடந்துகொண்டிருக்கிறது.

பதில் 1:
தயவுசெய்து 9 வேண்டாம். பில்லிங்கும் சேர்ந்து விழும்.

இணைப்புக்கு ஒரு பிராசஸ் என்று இருந்தாலும், எல்லாம் ஒரே பொது மெமரியில்தான் எழுதுகின்றன. 9 கொடுத்தால் கெர்னல் நேரடியாக முடித்துவிடும். கையில் இருந்த வேலையை ஒழுங்குபடுத்த பிராசஸுக்கு வாய்ப்பே கிடையாது. பொது மெமரி பாதி எழுதிய நிலையில் இருக்கலாம் என்று தாய்ப் பிராசஸ் எடுத்துக்கொள்ளும். மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்து, டபிள்யூஏஎல்லை (மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவு) ஓட்டி மீட்ட பிறகுதான் யாரையும் உள்ளே விடும்.

முதலில் கில் -2. ஓடும் குவெரி மட்டும் ரத்தாகும். அசையவில்லையா, கில் -15. இணைப்பே மூடும், முடியாத டிரான்சாக்ஷன் (ஒன்றாகச் சேர்த்துச் செய்யும் மாற்றங்கள்) ரோல்பேக் ஆகும், அதாவது பழைய நிலைக்கே திரும்பும். நான் இதை எப்போதும் போஸ்ட்கிரஸின் கமாண்ட் கருவியான பிஎஸ்க்யூஎல் உள்ளிருந்துதான் செய்வேன்: பிஜி_கேன்சல்_பேக்கெண்ட், அப்புறம் பிஜி_டெர்மினேட்_பேக்கெண்ட். போவது அதே இரண்டு சிக்னல்கள்தான். ஆனால் எண்ணைத் தவறாக அடித்து, அது போஸ்ட்கிரஸ் பிராசஸாக இல்லாவிட்டால் வெறும் எச்சரிக்கையோடு நின்றுவிடும். ஷெல்லில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

பதில் 2:
பிஎஸ் வரியின் கடைசியில் 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' என்று இருந்தால் -2 பலிக்காது. ரத்து செய்ய அங்கே குவெரியே ஓடவில்லை, தரவின் மீதான பூட்டை (லாக்) மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். நேராக -15 போடுங்கள்.

எண்ணையும் ஒருமுறை சரிபாருங்கள். தாய்ப் பிராசஸின் எண் டேட்டா டைரக்டரியில் போஸ்ட்மாஸ்டர்.பிஐடி ஃபைலின் முதல் வரியில் இருக்கும். அதற்கு -2 போனால் டேட்டாபேஸே மூடிக்கொள்ளும்.

கேட்டவர்:
'செலக்ட்' என்று காட்டியது. -2 கொடுத்தேன், உடனே போய்விட்டது. பில்லிங் தடையில்லாமல் ஓடுகிறது, இருவருக்கும் மிக்க நன்றி. விண்டோவை மூடிய பிறகும் அது ஏன் ஓடிக்கொண்டிருந்தது?

பதில் 1:
கணக்குப் போடும் நடுவில் எதிர்முனையில் ஆள் இருக்கிறாரா என்று சர்வர் பார்ப்பதில்லை. விடையை அனுப்பப் போகும்போதுதான் தெரியவரும். பதிப்பு 14 முதல் குவெரி ஓடும்போதே எதிர்முனை இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க கிளையன்ட்_கனெக்ஷன்_செக்_இன்டர்வல் என்ற அமைப்பு இருக்கிறது, இயல்பில் 0, அதாவது அணைந்திருக்கும். 10 வினாடி வையுங்கள். ரிப்போர்ட் யூசருக்கு மட்டும் ஸ்டேட்மென்ட்_டைம்அவுட் (குவெரிக்கான நேர வரம்பு) போட்டுவிட்டால் பில்லிங் பக்கம் எதுவும் மாறாது.